மரணத்தை விசாரிப்பவர் யாருடைய ஆள்?

சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை பெருந்துறையைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஈங்கூர்ப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை சுமார் 2,700 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களின் சானடோரியமாகப் பெயர்பெற்றிருந்து, பின்னர் போக்குவரத்துக் கழகங்களைச் சார்ந்த சாலைப் போக்குவரத்து நிறுவனத்தாரால் 1992-இல் மருத்துவக் கல்லூரியாக்கப்பட்டு, இப்போது அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி என்று வழங்கும் பெரிய ஆஸ்பத்திரியும் இங்கேதான் இருக்கிறது. சாலையில் அடிபட்டவரும், ஆலையில் கையை இழந்தவரும், தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்தவரும், பாம்பு தீண்டியவரும் கடைசியில் வந்து சேரும் இடம் அது ஆகையால், அகால மரணத்துக்குப் பின்னால் என்னென்ன நடக்கின்றன என்பதை இவ்வட்டாரத்து ஜனங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸார் வருகிறார்கள், பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடக்கிறது, டாக்டர் பரிசோதனை செய்து சான்று எழுதுகிறார். இவை சர்க்காருடைய காரியங்கள். இவற்றில் குறை இருந்தால் கேட்பதற்கு மேலதிகாரி உண்டு, மாஜிஸ்திரேட் உண்டு, ஹைகோர்ட் உண்டு. ஆனால் இவையெல்லாம் ஓய்ந்து, வீட்டார் கருமாதிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும் சமயத்தில் இன்னொருவர் வருகிறாரே, அவரைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தேன்.

அவருக்கு உடுப்பு இல்லை. கையில் ஒரு பை, ஒரு செல்போன், சில படிவங்கள். 'இன்சூரன்ஸிலிருந்து வர்றேனுங்க' என்று சொல்லி உட்காருகிறார். பெரும்பாலும் அவர் கம்பெனியின் உத்தியோகஸ்தரே அல்லர். கேஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் ஏதோ ஓர் ஏஜென்ஸியின் ஆள். இறந்தவர் குடிப்பாரா, சர்க்கரை வியாதி உண்டா, இதற்குமுன் எந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார், கடன் தொல்லை இருந்ததா, வண்டியை ஓட்டியது அவர்தானா என்று துக்கம் ஆறாத மனைவியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அடியில் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டிலும் முக்குக் கடையிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் இன்னும் நாலு பேரை விசாரித்துவிட்டுப் போகிறார். அவர் எழுதும் அறிக்கை கம்பெனிக்குப் போகிறது. வீட்டாருக்கு அதன் நகல் வருவதில்லை. சில மாதங்கள் கழித்து, விசாரணையில் தெரியவந்த உண்மைகளின் அடிப்படையில் தங்கள் கோரிக்கையை ஏற்பதற்கில்லை என்று இங்கிலீஷில் ஒரு கடிதம் மாத்திரம் வருகிறது. எந்த விசாரணை, எந்த உண்மை, யார் சொன்னது என்பதையெல்லாம் அந்த விதவை அறிந்துகொள்ள வழியே இல்லை.

இப்படி எழுதுவதனால் தனியார் விசாரணையே கூடாது என்று சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். பொய்க் கோரிக்கைகள் கற்பனையல்ல. உத்தரப் பிரதேசத்தில் மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனுக்களில் நடந்த பித்தலாட்டம் எவ்வளவு விரிந்ததென்றால், 2015-இல் அலகாபாத் ஹைகோர்ட் அதற்கென ஒரு சிறப்புப் புலனாய்வுக் குழுவையே அமைக்கும்படி ஆயிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் சென்று, 2021 நவம்பரில் இந்திய பார் கவுன்சில் அந்த மாநிலத்து வழக்குரைஞர்கள் 28 பேரைத் தொழிலிலிருந்து இடைநிறுத்தியது. வேறெங்கோ வழுக்கி விழுந்து காலொடிந்தவரைச் சாலை விபத்தில் சிக்கியவராக்குவதும், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டிக்கு லைசென்ஸ் உள்ளவரை டிரைவராக்குவதும், இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்குப் பதிலாக இன்சூரன்ஸ் உள்ள வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதும் இந்தப் பித்தலாட்டத்தில் கைவந்த வித்தைகள். அப்படிப் போகும் பணம் கம்பெனியின் பெட்டியிலிருந்து போவதாகத் தோன்றினாலும், பிரீமியம் கட்டும் லட்சக்கணக்கான சாமானியர்களின் பணமே அது ஆகையால், அதைக் காக்க ஒருவர் கேள்வி கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர், எந்த நெறிக்குள் நின்று கேட்கிறார் என்பதே என் ஆட்சேபத்துக்கு விஷயம்.

நம் சட்டங்களில் இதற்கு விடை தேடினால் விசித்திரமான ஒரு நிலைமை புலப்படுகிறது. ஒரு காரின் முன்பக்கம் நசுங்கி 50,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்றால், அதை மதிப்பிடுபவர் 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின்படி லைசென்ஸ் பெற்ற சர்வேயராக இருக்க வேண்டும். அவருக்குப் பயிற்சி உண்டு, பரீட்சை உண்டு, 2015-ஆம் வருஷத்து விதிமுறைகளில் நடத்தைக் கோவை உண்டு. மதிப்பிட வேண்டிய சொத்தில் தனக்கோ தன் உறவினருக்கோ சம்பந்தம் இருந்தால் அதை அவர் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். ஆலை வாசலில் தடியூன்றி நிற்கும் காவலாளியை அனுப்பும் கம்பெனிக்குக்கூட 2005-ஆம் வருஷத்துத் தனியார் பாதுகாப்பு ஏஜென்ஸிகள் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்று அவன் வீட்டுக்குள் வந்து கேட்பவருக்கு மாத்திரம் லைசென்ஸும் இல்லை, பரீட்சையும் இல்லை, நடத்தைக் கோவையும் இல்லை. தனியார் துப்பறியும் ஏஜென்ஸிகளை ஒழுங்குபடுத்த 2007 ஆகஸ்டில் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அது வருஷக்கணக்காகக் கிடந்து, சட்டமாகாமலே 2020-இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப்பின் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. காரின் பம்பருக்கு இருக்கும் மரியாதை காரோட்டியின் உயிருக்கு இல்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த விசாரணைக்காரர் எழுதும் ஒரு வரியில் எவ்வளவு தொங்குகிறது என்பதை ஒரு வழக்கைக்கொண்டு விளக்கலாம். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர் மாரடைப்பு கண்டு கீழே விழுந்து இறந்துபோனார்; அவருடைய மனைவி ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷனிடம் விபத்து மரணத்துக்குரிய கூடுதல் தொகையைக் கேட்டார்; 2019 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், மரணத்துக்குக் காரணம் மாரடைப்பே அன்றி விபத்தல்ல என்று கூறி அந்தக் கோரிக்கையைத் தள்ளியது. அல்கா சுக்லா வழக்கு என்று சட்டம் பயில்வோர் இதைக் குறிப்பிடுவார்கள். அந்தத் தீர்ப்பின் நியாயத்தை நான் இங்கே ஆராயவில்லை. நெஞ்சு நின்றதனால் விழுந்தாரா, விழுந்ததனால் நெஞ்சு நின்றதா என்கிற அந்த முன்பின் வரிசை ஒன்றே லட்சக்கணக்கான ரூபாயை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கவும் மறுக்கவும் வல்லது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பிரேதப் பரிசோதனையில் காயங்களைச் சுற்றி ரத்தக்கட்டு இருக்கிறதா, காயம் உயிரோடிருந்தபோது பட்டதா அல்லவா, இதயத்தின் ரத்தக்குழாயில் அடைப்பு புதியதா பழையதா என்றெல்லாம் தேர்ந்த வைத்தியர் பார்த்தும் சில சமயங்களில் நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒன்றை, 'மாரைப் பிடிச்சுக்கிட்டே சாஞ்சாருங்க' என்று பேக்கரி வாசலில் நின்ற ஒருவர் சொன்னதாக விசாரணைக்காரர் எழுதிவிட்டால், அந்த வாக்கியம் வைத்தியரின் சான்றைக் காட்டிலும் பெரிய சான்றாகக் கம்பெனியின் கோப்பில் உட்கார்ந்துகொள்கிறது.

மதுவின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. விசாரணை அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் ஒரு வாக்கியம், இறந்தவர் மது அருந்தியிருந்தார் என்பது. சட்டம் இங்கே வாசனையைப் பேசவில்லை; வண்டியோட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பதுதான் மோட்டார் வாகனச் சட்டத்தில் குற்றம். ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் ஸ்பிரிட் தடவிய இடத்திலிருந்து ரத்தம் எடுத்திருந்தால் கணக்கு தவறும். உடல் அழுகத் தொடங்கிய பிறகு எடுத்தால், குடிக்காதவன் உடலிலும் நுண்கிருமிகளின் வேலையால் மதுசாரம் உண்டாகும். எடுத்த ரத்தத்தில் சோடியம் ஃபுளோரைடு சேர்த்துப் பாதுகாக்காமல் வெயிலில் வைத்திருந்தாலும் அப்படியே. சென்னையில் 1849-இலேயே ரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் ஏற்பட்டுவிட்ட தேசம் இது. அவ்வளவு பழமையான சாஸ்திரத்தை ஒதுக்கிவிட்டு, 'குடிப்பாருங்க, எப்பவாச்சும்' என்று துக்கத்தில் தலையாட்டிய தகப்பனாரின் வார்த்தையை, சம்பவத்தன்று அவர் போதையில் இருந்தார் என்று மாற்றி எழுதுவது அறியாமையால் நேர்ந்தாலும் அநியாயம், தெரிந்து செய்தால் பாதகம். தொழிலாளர் நஷ்டஈட்டுக்காக 1923 முதல் இருந்துவந்த சட்டமோ, தொழிலாளி இறந்துவிட்டாலும் நிரந்தரமாக முழுவதும் செயலிழந்தாலும், அவன் குடித்திருந்தான் என்கிற சாக்கை முதலாளி சொல்லவே இடம் கொடுக்கவில்லை. சட்டம் இவ்வளவு கருணையோடு கதவைச் சாத்தியிருக்க, அறிக்கைகள் அந்தக் குடியை மீண்டும் மீண்டும் ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவரப் பார்க்கின்றன.

ஆலைகளின் கதைக்கு வருவோம். 2014 மார்ச் மாதத்தில் பெருந்துறை சிப்காட்டில் ஒரு ஜவுளிப் பதனிடு ஆலையின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி ஏழு தொழிலாளர்கள் மாண்டுபோனார்கள். அந்தச் சம்பவத்தில் யார் பேரில் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. அதைப் போன்ற மரணங்கள் நேரும்போது உண்மை எவ்விதம் கரைந்துபோகிறது என்பதையே சொல்ல விரும்புகிறேன். சாயக் கழிவில் கந்தகம் கலந்த பொருள்கள் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானதாகையால் தொட்டியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும், அளவு மிஞ்சினால் மூக்கின் உணர்ச்சியையே கொன்றுவிடுவதால் நாற்றமும் தெரியாது. முதலில் இறங்கினவன் சாய்கிறான். அவனைத் தூக்க இறங்கினவன் சாய்கிறான். இப்படியே ஒருவர்பின் ஒருவராகப் போவது உலகத்தில் எங்கும் இவ்வகை விபத்தின் லட்சணம். அன்று அமலில் இருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஒருவன் இறங்குவதானால், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்து மூலம் சான்று கொடுத்திருக்க வேண்டும், அல்லது இறங்குபவன் சுவாசக் கருவி பூண்டு கயிற்றால் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று விதித்திருந்தது.

ஆகவே அப்படிப்பட்ட மரணத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் சொற்பம்: சான்று இருந்ததா, வாயு அளக்கப்பட்டதா, கயிறு இருந்ததா, யார் இறங்கச் சொன்னார். இவற்றுக்கான தடயங்கள் முதல் சில மணி நேரத்திலேயே இருக்கின்றன, அந்தச் சில மணி நேரத்திலேயே அழிகின்றன. தொட்டி கழுவப்படும், ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து புதிதாக முளைக்கும், கூட நின்றவர்கள் ஊருக்கு அனுப்பப்படுவார்கள். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் அதிகாரி வருமுன் அங்கே நிற்பவர் யாரென்றால், ஆலையின் பர்சனல் மேனேஜரும், ஆலை அமர்த்திய பாதுகாப்பு ஆலோசகரும், சில சமயங்களில் ஆலையின் வக்கீலுமே. அவர்கள் நடத்துவதும் ஒரு விசாரணைதான். உள்விசாரணை என்று அதற்குப் பெயர். அந்த விசாரணையில், சொல்லாமலே இறங்கிவிட்டான், பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றி வைத்துவிட்டான் என்று எழுதப்படும் வாசகங்களை மறுத்துச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி, பெரும்பாலும் பிணவறையில் கிடக்கிறான்.

இங்கே கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு பழக்கத்தையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. நம்மவர்கள் எதையும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வல்லவர்கள். வரப்புத் தகராறானாலும் பாகப்பிரிவினையானாலும் கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்வதை ஒரு கௌரவமாகக் கருதுகிறவர்கள். அந்த நல்ல குணமே மரணத்தின் விஷயத்தில் கெடுதலாக முடிகிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர், ஆலைத் தரப்பில் ஒருவர், தரகர் ஒருவர் கூடி, சடலத்தை வாங்குமுன்னரே ஒரு தொகை பேசி முடித்து, எங்களுக்கு யார்பேரிலும் சந்தேகமில்லை என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். நூற்பாலை விடுதிகளில் இளம்பெண்கள் இறக்கும்போதும் இதுவே நடக்கிறது என்ற புகார் இவ்வட்டாரத்தில் பல வருஷங்களாக இருந்து வருகிறது. பணம் கொடுப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை. அது உடனே கைக்கு வருவது ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய ஆதரவு. ஆனால் நஷ்டஈடு வேறு, மரணத்தின் காரணத்தைப் பற்றிய வாக்குமூலம் வேறு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்குவது சமரசமாகாது. அது விலைக்கு வாங்கிய மௌனம், அடுத்து அந்தத் தொட்டியில் இறங்கப் போகிறவனுக்கும் சேர்த்து விலை பேசியது.

பட்சபாதமற்ற விசாரணை என்பது தனிமனிதரின் நல்லெண்ணத்தில் மாத்திரம் நிற்பதல்ல, விசாரிப்பவரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதில் நிற்பது என்பதை நம் தேசம் அறியாததல்ல. ரயில் விபத்துகளை ஆராயும் பாதுகாப்பு கமிஷனர்கள் ரயில்வே இலாகாவின்கீழ் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் 1941-இலேயே அவர்களை ரயில்வே போர்டிலிருந்து பிரித்தார்கள். இன்று அவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தவர்கள். தண்டவாளம் போட்டவரே தண்டவாளத்தின் குறையை விசாரிக்கலாகாது என்னும் எளிய நியாயமே அதற்குக் காரணம். 1956 நவம்பரில் அரியலூரில் ரயில் கவிழ்ந்தபோது லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா செய்ததை நாம் இன்றும் பெருமையோடு பேசுகிறோம். அந்தப் பெருமைக்குப் பின்னால், மந்திரிக்குக் கட்டுப்படாத ஒருவர் விசாரிக்கும் ஏற்பாடும் இருந்தது என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. விமான விபத்துகளுக்கும் 2012-இல் தனிப் புலனாய்வு அமைப்பு ஏற்படுத்தப்பட்டது.

நம் ஹைகோர்ட்டும் இந்தப் பிரச்னையை வேறொரு கோணத்திலிருந்து சந்தித்திருக்கிறது. 2016 செப்டம்பரில் புழல் சிறையில் ஒரு விசாரணைக் கைதி இறந்தபோது, பிரேதப் பரிசோதனையில் தங்கள் தரப்பு டாக்டர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று தகப்பனார் கோரினார். இரு நீதிபதிகளிடையே அபிப்பிராய பேதம் உண்டாகி, மூன்றாவது நீதிபதியிடம் விஷயம் போயிற்று. முடிவில் குடும்பத்தார் சொன்ன தனியார் டாக்டரும் அல்லாமல், மாநில சர்க்காரின் டாக்டர்கள் மாத்திரமும் அல்லாமல், டில்லி எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் சேர்க்கப்பட்டார். அந்த முடிவு குடும்பத்தாருக்குத் திருப்தி தரவில்லை. ஆனாலும் அதன் உட்கருத்து யோசிக்கத் தக்கது: உன் ஆளுக்கு எதிராக என் ஆள் என்று இரண்டு பட்சபாதங்களை எதிரெதிரே நிறுத்தினால் நடுநிலைமை பிறந்துவிடாது. இலங்கையில், திடீர் மரண விசாரணை அதிகாரி என்று ஊரில் மதிப்புள்ள ஒருவரைச் சர்க்காரே நியமிக்கிறது. அவர் போலீஸ்காரரும் அல்லர், கம்பெனியின் ஆளும் அல்லர். யாழ்ப்பாணத்துப் பத்திரிகை படிப்பவர்களுக்கு அந்தப் பதவியின் பெயர் நன்கு பழக்கமானது. பம்பாயில் 1999 வரையில் கொரோனர் என்ற பதவி இருந்தது. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். நம்மிடத்தில் போலீஸ் விசாரணைக்கும் தனியார் விசாரணைக்கும் நடுவே அப்படி நிற்பவர் இல்லாததாலேயே, தனியாரின் காகிதம் தன் தகுதிக்கு மிஞ்சிய பாரத்தைச் சுமக்கிறது.

இனி கூலியின் விஷயம். ஒரு ஏஜென்ஸி அனுப்பும் அறிக்கைகளில் எத்தனை கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன என்பதைப் பார்த்து அடுத்த மாத வேலை கொடுக்கப்படுமானால், அந்த விசாரணைக்காரர் பொய் சொல்ல வேண்டும் என்றுகூட யாரும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் பாதியைப் பார்த்தால் போதும் என்று அவர் வயிறே அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். மாதம் இருபது கேஸ் முடித்தால்தான் பெட்ரோல் செலவு போக ஏதாவது மிஞ்சும் என்கிற நிலையில் ஓடுகிறவரிடம் தர்மசாஸ்திரம் பேசுவதும் பயனற்றது. ஆகவே, முடிவைப் பொறுத்துக் கூலி நிர்ணயிப்பது எவ்வடிவத்திலும் கூடாது என்பது முதலாவது நியதியாக வேண்டும். கம்பெனிகளுக்கு மோசடியைக் கண்டுபிடிக்கும் பிரிவு இருக்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2013-இலேயே கட்டளையிட்டது; அது சரி. நேர்மையான கோரிக்கையைத் தவறாக மோசடியென்று எழுதியவர் என்ன ஆவார் என்பதற்கும் ஒரு கட்டளை வேண்டாமா?

விசாரிக்கும் முறையிலும் ஒரு பண்பு உண்டு. துக்க வீட்டில் பதினாறு நாளாவது பொறுத்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்பார்கள்; சாலை விபத்தில் தடயம் அழிவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்க்கத்தான் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பவ இடத்தை உடனே பார்ப்பது வேறு, மனைவியின் வாக்குமூலத்தை உடனே வாங்குவது வேறு. அவள் சொன்னதை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதும், வெற்றுத் தாளில் வாங்குவதும், இதில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் சீக்கிரம் வரும் என்று ஆசை காட்டுவதும் சாட்சியம் சேகரிப்பதாகாது. சிப்காட் ஆலைகளில் இப்போது வேலை செய்வோரில் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் அநேகர். அவர்களில் ஒருவன் இறந்தால், தமிழும் தெரியாத இங்கிலீஷும் தெரியாத தம்பி ஒருவன் ரயிலேறி வந்து, எதில் கையெழுத்திடுகிறோம் என்பதே தெரியாமல் இட்டுவிட்டு, சடலத்தோடு திரும்பிப் போகிறான். அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்பவரும் ஆலையின் கங்காணியே. ஆஸ்பத்திரிச் சீட்டுகளின் கதையும் இப்படித்தான். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவ நெறிமுறை சொல்கிறது; குடும்பத்தார் அலைந்தும் கிடைக்காத அதே பதிவு, பின்வாசல் வழியாக விசாரணைக்காரர் கைக்கு ஒரே நாளில் போய்ச் சேருமானால், வைத்தியத் தொழிலின் ரகசியம் எங்கே நிற்கிறது?

குடும்பத்தின் பக்கத்திலும் யோக்கியர்கள் மாத்திரம் இருப்பதாக நான் பாவிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்கீலின் ஏஜெண்டுகள் நிற்கிறார்கள்; வரும் நஷ்டஈட்டில் இத்தனை பங்கு என்று ஆம்புலன்ஸ் வரும்போதே பேசிக்கொள்கிறார்கள்; கண்ணால் பார்த்த சாட்சி என்று ஒருவரையே பல வழக்குகளில் நிறுத்துகிறார்கள். கம்பெனியின் விசாரணைக்காரரிடம் நாம் எதிர்பார்க்கும் நெறியை இவர்களிடமும் எதிர்பார்க்க வேண்டும். ஒரே வித்தியாசம், இவர்கள் பொய் கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு உட்படுகிறது. அவருடைய பொய் கோப்புக்குள்ளேயே வேலையை முடித்துவிடுகிறது.

2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதிகள் ஒரு நல்ல வழியைத் திறந்திருக்கின்றன. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸார் முதல் அறிக்கையை நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பி, 90 நாளுக்குள் விரிவான அறிக்கையைக் கொடுக்க வேண்டும்; அதே வருஷம் டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும்படி உத்தரவிட்டது. அந்த அறிக்கைகள் குடும்பத்தாருக்கும் கிடைக்கின்றன என்பதே அவற்றின் சிறப்பு. தனியார் அறிக்கையையும் அவ்வாறே வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதில் என்ன கஷ்டம்? பொருள் நஷ்டத்தில் சர்வேயரின் அறிக்கையை, கேட்டால் பாலிசிதாரருக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. தங்களுக்குப் பிடித்த அறிக்கை கிடைக்கும் வரையில் ஒரு சர்வேயர்பின் ஒருவராகக் கம்பெனி நியமித்துக்கொண்டே போகலாகாது, மாற்றினால் காரணம் எழுத வேண்டும் என்று 2009-இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியும் இருக்கிறது. சரக்குக்கு விதித்த இந்த நியாயத்தை உயிருக்கும் விதிக்க வேண்டும் என்று மாத்திரமே கேட்கிறோம். விசாரணைக்காரருக்கு லைசென்ஸ் வேண்டும். நியமனக் கடிதத்தின் நகலை அவர் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். கோரிக்கையை மறுக்கும் கடிதத்தோடு அறிக்கை முழுவதையும், அதில் குடும்பத்தாருக்கு அனுகூலமாகக் கிடைத்த சாட்சியங்கள் உட்பட, இணைத்து அனுப்ப வேண்டும். தன் எழுத்தை இறந்தவரின் மகள் ஒருநாள் படிப்பாள் என்று அறிந்து எழுதுகிறவர் வேறு விதமாகத்தான் எழுதுவார்.

இந்த விதிகள் வரும்போது வரட்டும். அதுவரையில், இப்படிப்பட்ட துக்கம் யாருக்கும் நேரக்கூடாது, நேர்ந்துவிட்டால் இதைப் படிப்பவர்கள் தங்கள் உறவினருக்குச் சொல்லி வைக்கவேண்டியவை சில உண்டு. வருகிறவரின் பெயரையும் அவரை அனுப்பியவரின் கடிதத்தையும் கேட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புரியாத பாஷையில் எழுதியதிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டதற்கு நகல் வாங்குங்கள். ஆயுள் இன்சூரன்ஸில் விசாரணை தேவைப்பட்டாலும் 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் வருஷத்துச் சுற்றறிக்கை. பாலிசி எடுத்து மூன்று வருஷம் கழிந்துவிட்டால், நோயை மறைத்தார் என்பது முதலான எந்தக் காரணத்தைச் சொல்லியும் அந்தப் பாலிசியையே செல்லாது என்று கிளப்ப இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு இடம் கொடுப்பதில்லை. மறுப்புக் கடிதம் வந்துவிட்டதென்று சோர்ந்துபோகாமல், ஒரு வருஷத்துக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதுங்கள். 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கையை அவர் விசாரிக்கலாம், அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.